பிலோவின் வெள்ளி இதயமும் மாம்புரிக் கோயில் தட்டும்

கடவுளோடு சண்டை பிடிக்க எத்தனையோ பேர் புறப்பட்டிருப்பார்கள். ஆனால் போன வெள்ளிக்கிழமை, சிலாபம் பஸ் நிலையத்தில் காலை ஆறு பத்துக்கு, அயர்ன் பண்ணிய சேர்ட்டோடும் வழியில் தின்ன மீன் வைத்த இரண்டு மாலுபாணோடும் முறைப்படி புறப்பட்ட முதல் மனிதன் அடியேன்தான் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

என் மனைவி பிலோவுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்ததும், தட்டாரிடம் சொல்லி வெள்ளியில் புளியங்கொட்டை அளவில் ஓர் இதயம் செய்வித்தாள். சுகமாகி வந்ததும் மாம்புரிக்கு அப்பாலுள்ள சின்ன அந்தோனியார் கோயிலில் கொண்டுபோய் வைப்பதாக நேர்த்தி. ஒப்பரேசனுக்கு நாலு நாள் இருக்கும்போது செத்துப்போனாள். இதயத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருடம் எந்தக் கோயில் படியும் மிதிக்கவில்லை. கோயில் மணி அடித்தால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அந்தச் சத்தத்தில் இந்தியக் கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியதாகக் கேள்வி.

கடைசியில் பிலோவின் தங்கை, என் மச்சாள், அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத்தான், அக்கா நேர்ந்த சாமான் வீட்டில கிடக்கக்கூடாது. நீங்க கும்பிட வேணாம். வச்சிட்டு வாங்க, போதும்."

"வைக்கிறதென்ன, மூஞ்சியில எறிஞ்சிட்டே வாறன்" என்றேன்.

ஆக, பயணத்தின் நோக்கம்: பொருளைத் திருப்பிக் கொடுப்பது, நாலு கேள்வி கேட்பது, உறவை அடியோடு முறித்துக்கொண்டு வருவது.

புத்தளம் பஸ்ஸில் ஏறிப் பாலாவிச் சந்தியில் இறங்க வேண்டும். ஒன்றேகால் மணித்தியாலம், 210 ரூபாய். வழி நெடுக வசனம் தயாரித்தேன். பதினெட்டு அத்தியாயம். கேட்டால் வானத்துச் சம்மனசுகள் செட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடும்.

பாலாவியில் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. சீமெந்து லொறி ஒவ்வொன்றும் ஒரு மலையைப் பெயர்த்துக்கொண்டு போனது. கோயில் பக்கம் போகும் கல்பிட்டி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்றார்கள். கோபத்தை அவ்வளவு நேரம் சூடாக வைத்திருக்க முடியாதென்பதால் ஓட்டோ பிடித்தேன். போய்வர 4,500 ரூபாய். ஓட்டோக்காரர் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம், புத்தளத்தில் பிறந்தவர்.

"கோயிலுக்கா அங்கிள்? நேர்த்தியா?"

"இல்லை தம்பி, சண்டை."

"யாரோட?"

விரலால் மேலே காட்டினேன். அவர் ஓட்டோக் கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"அவனோடயா! அது நேரமெடுக்கும் அங்கிள். எங்கட வாப்பா மன்னார் ஊட்டக் கேட்டு முப்பது வருசத்துக்கு மேல துஆ கேக்குறாரு, இன்னும் முடியல்ல. வெயிட்டிங் தனியாப் பேசிக்குவம்."

பத்தே நிமிடம்தான் என்றேன்.

பத்தொன்பது கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். தென்னை, மிளகாய்த் தோட்டம், பிறகு திடீரென்று கடல். கோயில் கதவருகே மேசையில் ஒரு தட்டு. அதில் தகரத்தில் வெட்டிய கை, கால், கண், இதயம். நோகிற இடம் எதுவோ அதை எடுத்துக்கொண்டுபோய் அந்தோனியார் காலடியில் வைத்துச் செபிப்பார்கள். பின்னேரம் எல்லாம் தட்டுக்குத் திரும்பி வரும், அடுத்த நாள் வேறொருவருக்காக.

வாசலில் நின்றேன். பதினெட்டு அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் வரவில்லை. முன்னால் போய் அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிலோவின் இதயத்தைத் தகரங்களுக்கு நடுவில் வீசினேன். முடிந்தது, இனி இந்தப் பக்கம் இல்லை என்று திரும்பினேன்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்து தட்டைக் கிண்டினாள். நான் வாசலில் நின்ற நேரத்துக்குள் தகர இதயங்களை மற்றவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். வெள்ளியை எடுத்தாள்.

"இது நீங்க போட்டதா ஐயா? எண்ட மனுசனுக்கு இதயத்துல அடைப்பு. கொழும்பில கிடக்கிறாரு, நாளைக்கு ஒப்பரேசன். எடுக்கலாமா?"

பறித்துவிட வேண்டும்போல் இருந்தது.

"எடு பிள்ளை. ஆனா அது வேலை செய்யாது. செய்விச்சவ செத்துப்போனா."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள், இதயத்தை ஒருதரம் பார்த்தாள்.

"இங்க கொண்டுவந்து வச்ச பிறகா?"

"இல்லை. வைக்கவே இல்லை."

"அப்ப இது இன்னும் பாவிக்கல்லத்தானே" என்றாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

அறுபத்திரண்டு வருடத்தில் என் வாயை அடைத்த ஒரே ஆள் அவள்தான். பின்னால் போனேன். பக்தியால் அல்ல, பிலோவின் சாமானை எங்கே வைக்கிறாள் என்று பார்க்க. அவள் முழந்தாளிட்டாள். என் முழங்காலும் மடிந்தது, வயதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மேலே இருக்கிறவரோடு வாய் திறந்தேன்.

"என்ர ஆளைக் கைவிட்டீர். இந்த மனுசனையாவது பாரும்."

அவ்வளவுதான். பிறகு அழுதேன். எவ்வளவு என்று எழுதினால் கல்பிட்டி மூழ்கிவிட்டதாக நினைப்பீர்கள், விடுங்கள்.

மனம் ஆறியதா என்று கேட்டால், இல்லை. அந்த மனிதர் பிழைத்தாரா என்றும் தெரியாது. கேட்டறியப் பயந்து, பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அலுமாரியைப் பூட்டுவதில்லை. மணி அடிக்கும்போது ரேடியோவைக் கூட்டுவதுமில்லை, அது தன் பாட்டில் பாடுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், மதியத்தில் கதவு பூட்டு. தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. நேர்ந்த பொருள் வீட்டில் கிடந்தால், நேர்ந்தவர் இல்லாவிட்டாலும் கொண்டுபோய்த் தட்டில் வையுங்கள். யாருக்காவது தேவைப்படும். ஓட்டோவுக்குக் காத்திருப்பு நேரத்தைத் தாராளமாகவே பேசிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் என்று இறங்கிய நான் திரும்பி வர ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் ஆனது.

ஓட்டோக்காரர் அதற்குக் காசு கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு, "யாரு அங்கிள் வென்ட?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் முடியல்ல தம்பி" என்றேன்.