நைஸ் என்றொரு சொல்

முசிறியிலிருந்து கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த புதிதில், நான் வைத்த வத்தக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் ஓரகத்தி, "நைஸ்" என்றார். கணவரின் அண்ணன் மனைவி அவர். திருச்சியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். என் சமையல், என் புடவை, என் கோலம் எல்லாவற்றுக்கும் அவரிடமிருந்து கிடைத்தது அந்த ஒற்றைச் சொல்தான். பரீட்சைத் தாளில் மதிப்பெண் போடுவது போலிருக்கும் எனக்கு.

மகள் வளர்ந்ததும் என் பொறாமைக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை என்னிடம் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். ஏழாம் வகுப்பில், ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையை மேடையில் சொல்லும் போட்டி வந்தது. பெரியம்மாவும் அவளும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சொல், நைஸ். காயப்போட வேண்டிய துணியோடு மாடிப்படியில் நின்று கேட்டேன். லத்தீனில் அதன் வேருக்கு 'ஒன்றும் அறியாத' என்று பொருளாம். பிறகு அது முட்டாளைக் குறித்ததாம், பிறகு எதிலும் நொட்டை சொல்பவரை, நுட்பமானதை, கடைசியில்தான் இனிமையானதை. இருவரும் சிரித்தார்கள். இத்தனை காலமும் என்னை ஒன்றும் தெரியாதவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலை கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது மகளைப் பிடித்து நிறுத்தினேன்.

"நம்மகிட்டயும் அந்த வார்த்தை இருக்குடி. மாவை நைசா அரைக்கிறோம். வேலை சொன்னா உங்கப்பா நைசா நழுவிடுவாரு. காரியம் ஆகணும்னா நீ என்னை நைஸ் பண்ணுவ."

தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

போட்டியன்று லத்தீனுக்குக் கைதட்டினார்கள். மாவும் அப்பாவும் வந்தபோது அரங்கமே சிரித்தது. பரிசு கொடுத்த ஆசிரியர், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"எல்லாம் பெரியம்மா" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஓரகத்தியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவரே அவளை நிறுத்தினார். "மாவு அரைக்கிறதெல்லாம் நான் சொல்லலையே. யாரு சொன்னா?"

"அம்மா."

"அப்ப ஏன் என் பேரைச் சொன்ன? எல்லாரும் சிரிச்சது உங்கம்மா சொன்னதுக்குத்தானே?"

மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதால்தான் பிடித்தாள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஓரகத்தி ஓய்வு பெற்றுப் புத்தூரில் வீடு வாங்கிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு முன்னால் எனக்குத்தான் அவளிடமிருந்து போன் வரும். அதில் எனக்கு ரகசியமாய் ஒரு வெற்றி இருந்தது. போன வாரம் பேச்சுவாக்கில் மகள் சொன்னாள்:

"பெரியம்மாதான்மா சொல்லியிருக்காங்க, முதல்ல அம்மாவுக்குப் பண்ணுன்னு."