ஹேடோவிலிருந்து வந்த குரல்

போன் அடித்தால் பூங்கோதை முதலில் கையை முந்தானையில் துடைப்பாள். இடது காதில் வைத்து ஒரே ஒரு ‘ஹலோ’. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில் வலது கை இட்லித் தட்டில் ஒரு குழியை நிரப்பிவிடும்.

மகன் விஜயராஜ் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனதிலிருந்து வந்த பழக்கம் இது. மெயின்லேண்டிலிருந்து வரும் பேச்சு வானத்துக்கு ஏறி, சாட்டிலைட்டைத் தொட்டு, பிறகுதான் அந்தமான் தீவில் இறங்கும். ஆரம்பத்தில் அம்மா பேச்சும் மகன் பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நசுங்கின. “நீ சொல்லுடா”, “நீங்க சொல்லுங்கம்மா” என்பதிலேயே பாதி நேரம் போனது. அப்புறம்தான் அவள் காத்திருக்கக் கற்றாள்.

எந்தத் துறைமுகத்தில் யார் போனை வாங்கிப் பேசுவான் என்று விஜயராஜுக்கே தெரியாது. அவனுக்கு மனப்பாடமாக இருந்தது இந்த ஒரு நம்பர்தான். அதனால், தெரியாத நம்பரை எடுக்காதே என்று ஊரெல்லாம் சொன்ன புத்திமதி அவளுக்குச் சரிப்படவில்லை. எல்லாவற்றையும் எடுத்தாள்.

பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிப் பக்கம், சுனாமிக்குப் பிறகு தகரம் போட்டுத் திரும்பக் கட்டிய இட்லிக் கடை அவளுடையது. ஒரு மழைக் காலையில் அங்கேதான் அந்த போன் வந்தது. ஹேடோ டெலிபோன் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றான் ஒருவன், நல்ல ஹிந்தியில். உங்கள் நம்பர் சரிபார்க்கப்படவில்லை, இன்னும் ஒரு மணி நேரத்தில் வெட்டிவிடுவோம், ஏடிஎம் கார்டில் இருக்கிற நம்பரைப் படியுங்கள் மேடம்.

நம்பர் போனால் மகன் போனான்.  டப்பாவுக்குள் இருந்த கார்டை எடுத்து முதல் நாலு எண்ணைப் படித்தும்விட்டாள். வழக்கம்போல் வாயை மூடினாள். கை, வழக்கம்போல், ஒரு குழியை நிரப்பியது. அதன் பிறகுதான் “ஹாங், ஆகே போலியே”, மேலே சொல்லுங்கள், என்றது குரல்.

அவள் கரண்டியையே பார்த்தாள். எதிரே, தண்ணீருக்கு அந்தக் கரையில் இருக்கிறது ஹேடோ. கூப்பிடு தூரம். அங்கிருந்து வர இந்தக் குரலுக்கு ஏன் இவ்வளவு நேரம்?

“பேட்டா, சாப்பிட்டாச்சா?” என்றாள் ஹிந்தியில்.

ஒரு குழி. “மேடம், நம்பர் சொல்லுங்க.”

“சொல்றேன். உங்க பக்கம் மழை எப்படி?”

இன்னொரு குழி. “மழை எங்கே மேடம்? நல்ல வெயில்.”

ஹேடோவின் கிரேன்கள் கண்ணுக்கே தெரியாதபடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பயம் போய் ஒரு வேடிக்கை வந்துவிட்டது அவளுக்கு. “நீ எந்த ஊர்ப்பா? உன் பேச்சு வானத்துக்குப் போயிட்டு வருதே!” லைன் செத்தது.

ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு இட்லி வெந்ததும் தெரியவில்லை, வேகாததும் தெரியவில்லை. நம்பர் இருக்கிறதா, போய்விட்டதா? கெடு தாண்டியதும் போன் அடித்தது.

“ஹேடோ ஆபீஸ்லேருந்து பேசறோம் மேடம்!” காலையில் நடந்ததைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தையல் கடையிலிருந்து கேலி பண்ணினாள் நாத்தனார் ஜெயலட்சுமி.

“அரே, உன் வாய்க்கு ஏதுடி இடைவெளி?” பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நம்பர் உயிரோடிருந்தது.

“காதா அண்ணி அது? அளவு டேப்பு!” என்றாள் ஜெயலட்சுமி.

அதிலிருந்து பூங்கோதை ஆளை அந்த இடைவெளியால் அளந்தாள். தீவுக்குள்ளிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, குரல் ஒரு குழி தாமதித்தால் அவன் திருடன். அந்த மாதமே ஒருத்தர் சிக்கினார். “ஹட்பேலேருந்து பேசறேம்மா. உங்க மகன் விஜயராஜ் விஷயமா...” ஒரு குழி நிறைந்திருந்தது.

“மகன் பேரெல்லாம் விசாரிச்சுத்தான் கிளம்பியிருக்கே. கார்டு நம்பர் வேணுமா, காது நிறைய வசவு வேணுமா?”

மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் வாங்கிக்கட்டிக்கொண்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதை நடித்துக் காட்டினாள்.

விஜயராஜ் லீவில் வந்தபோது அவனிடமும் நடித்துக் காட்டினாள். அவன் சிரிக்கவில்லை. ஹட்பே இருப்பது தெற்கே, கடல் தாண்டி வேறொரு தீவில்; அந்த நாட்களில் அங்கிருந்து வரும் பேச்சும் சாட்டிலைட் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பேசியவர் பொன்னுத்துரை, விஜயராஜ் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் அப்பா. அம்மாவிடம் நேரே சொல்ல வெட்கப்பட்டு, அவரைப் பேசச் சொன்னதே விஜயராஜ்தான்.