தூம்பாவுக்குத் தோள் கொடுத்த முகங்கள்

சிசிலியில், பொலிதேயாமாவில் என் வேலையிடத்துக்குக் கீழே ஒரு சலவைக் கடை. ஹோட்டல் கட்டில் விரிப்புகளை ஆவி பறக்க மினுக்குவார்கள். கஞ்சி மணம் படியேறி என் மேசை வரை வரும். நேற்றும் வந்தது, அதோடு வேலை ஓடவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வெள்ளை விரிப்பைக் கண்டால் மற்றவர்களுக்கு நித்திரை வரும், எனக்கு அமெரிக்கச் சரித்திரம் வரும்.

பல்கலைக்கழக முதலாண்டில்தான் அதைக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியேறிய முதல் ஆள் என்ற மிதப்பில் முன் வாங்கில்தான் இருப்பேன். பேராசிரியை அன்று வெள்ளை நிறவெறி இரகசியச் சங்கங்களின் கதையை எடுத்தார். உள்நாட்டுப் போரில் தோற்று வீடு திரும்பிய சிலர் பொழுது போகாமல் கட்டில் விரிப்பைப் போர்த்துப் பேய் வேஷத்தில் குதிரையேறினார்களாம். அந்த விளையாட்டு சவுக்கானது, பிறகு தூக்குக் கயிறானது. அடிமைத்தளை அப்போதுதான் அறுந்த கறுப்பு மக்கள் கதவைத் திறக்கவே நடுங்கினார்கள். அரசு நசுக்கியது. ஆனால் அடுத்த நூற்றாண்டில் மறுபடி முளைத்து, லட்சக்கணக்கில் பெருகி, தலைநகர வீதியில் பட்டப்பகலில் அணிவகுத்தார்கள். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில் குறிப்பெடுக்க மறந்துபோனேன்.

அவர்களுக்கு ஆகாதவர்களில் யூதர்கள், கத்தோலிக்கர்கள், கரும்பு வெட்டப் போன சிசிலிக்காரர்கள் எல்லோரும் அடக்கம். பக்கத்தில் இருந்த சிசிலிக்காரன் சால்வோ, என்னைக் 'கறுவல்' என்று கூப்பிடுகிறவன், மெல்லக் கேட்டான்: "நாங்களுமா?"

"ஓமடா. தள்ளி இரு, எனக்கும் இடம் தா."

அன்று முழுக்கத் தன் கையை என் கையோடு வைத்து வைத்துப் பார்த்தான்.

அந்தத் தவக்காலத்தில்தான் அப்பாவின் விஷயம் வந்தது. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் டொன் மசீனோவின் மீன் சாப்பாட்டுக் கடையில் கணவாய் துப்புரவாக்குகிறவர். டொன் மசீனோதான் அந்தப் பங்குக் கோயிலின் சகோதர சபைக்கும் தலைவர். பெரிய வெள்ளியன்று மரித்த ஆண்டவரின் சுரூபத்தைத் தூம்பா என்ற பாடையில் வைத்து, வெள்ளை அங்கியும் கண் ஓட்டை வைத்த முக்காடுமாகச் சுமப்பார்கள். அமெரிக்காவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பரிகாரம் செய்கிறவன் யாரென்று தெரியக்கூடாது என்ற பழைய வழக்கம். அந்த வருஷம் ஓர் ஆள் குறைய, அப்பாவைக் கூப்பிட்டார். எங்களைப் போன்ற மன்னார்க்காரருக்குத் தூம்பா சுமப்பது பெரிய பாக்கியம். அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

அம்மா பதறிப்போனா. "அந்த மனுசன் கோவிச்சு வேலையும் போனா, இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. ஒரு துண்டுத் துணிக்காகவே?"

அப்பாவின் இத்தாலியன் சமையலறைக்கு மட்டும் காணும். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்.

"அந்தோனி, நிறத்தை யோசிக்கிறியோ?" என்றார் டொன் மசீனோ. "மூடினா ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பா கத்தியை வைத்தார். "தம்பி, அவருக்குச் சொல்லு. தெரியவேணும் எண்டுதான் கேக்கிறன்."

பிறகு போர்க்காலத்தில் இராணுவம் செய்த ஒரு சுற்றிவளைப்பைச் சொன்னார். ஊர் ஆண்களை வெயிலில் வரிசையாக நடக்கவிட்டார்களாம். ஜீப்பில் தலையாட்டி இருந்தான். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கத் தலையை மட்டும் அசைக்கிறவன். பெரியப்பா கடந்தபோது சாக்கு அசைந்தது. பெரியப்பா திரும்பி வரவேயில்லை. இதை நானே அன்றுதான் முதன்முதல் கேட்டேன். பாதியில் எனக்கு இத்தாலியன் வரவில்லை.

டொன் மசீனோ துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். "முகத்தைத் திறந்துகொண்டு எண்டா?"

"வாறன். ஆனா என்னோடை தோள் குடுக்கிற ஆக்களின்ரை முகத்தையும் ஒருக்கா பாக்கவேணும்."

"கணவாய் வெட்டுறவனுக்கு நிபந்தனை வேறை," என்றுவிட்டு டொன் மசீனோ வெளியே போய்விட்டார்.

பெரிய வெள்ளி வரைக்கும் பதில் இல்லை. அப்பா கறுப்புக் கோட்டோடு கோயில் முற்றத்தில் போய் நின்றார். எதிரே வெள்ளை முக்காடுகள். முதல் முக்காடு உயர்ந்தது. "மசீனோ," என்றார், அப்பாவுக்குத் தெரியாதது போல. அடுத்தவர் முடிவெட்டுகிற பெப்பே. அதற்கடுத்தவர் வலைக்காரர். ஒவ்வொருவராகத் தூக்கிப் பெயர் சொன்னார்கள். அப்பாவும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, "அந்தோனி" என்றார். பிறகு தூம்பாவின் முன் கொம்புக்குத் தோள் கொடுத்தார். வீதிக்கரையில் யாரோ முணுமுணுத்தார்கள், யாரோ சிலுவை போட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் படிப்பைக் காட்டினேன். அமெரிக்காவில் முகமூடியோடு வீதிக்கு வரக்கூடாதென்று மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வந்ததை, தலைவர்களின் கூத்து வெளிப்பட்டதை, பாதிக்கப்பட்டவர்கள் வழக்கு வென்று கட்டடத்தையே எடுத்ததை, லட்சங்கள் கரைந்து தங்களுக்குள் அடிபடும் சின்னக் கும்பல்களானதை எல்லாம்.

"மற்ற ஆக்கள் எங்கை போனவை?"

"வீட்டுக்குப் போயிருப்பினம், அப்பா."

"ஓம். எங்கடை சாக்குக்காரனும் எங்கையோ பேரப்பிள்ளையளோடை இருப்பான்."



டொன் மசீனோ இப்போது இல்லை. சபையில் இளம் ஆட்கள் சேருவதில்லை. இரண்டு வருஷமாகத் தூம்பாவுக்குச் சில்லுப் பூட்டித் தள்ளுகிறார்கள். முன்பெல்லாம் உயிர்ப்பு ஞாயிறன்று அப்பாவின் வலத்தோள் நீலமாய்க் கன்றியிருக்கும், அம்மா நல்லெண்ணெய் பூசிவிடுவா. இந்த வருஷமும் பழக்கத்தில் போத்திலோடு வந்து, சேட்டுக் கழுத்தை விலக்கிப் பார்த்து, நீலம் இல்லாததைக் கண்டு நின்றுவிட்டா. அப்பா தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.

"பூசு," என்றார்.