ஒரே கை ஓட்டின வண்டி

டோரதி தன் கணவரின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இறுக மூடிக்கிடந்த விரல்களைப் பிரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை முதலில் வெளியே எடுத்துவிட்டால் மற்ற நான்கும் தானாக இளகும். தெரியாதவர்கள் சுண்டுவிரலில் ஆரம்பித்து மல்லுக்கட்டுவார்கள். அவள் முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள்.

"இன்னைக்குப் புத்தூர் போகணும். எழுந்திரிங்க."

"இல்ல" என்றார் அற்புதசாமி, சுவரைப் பார்த்தபடி.

அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில், பக்கவாதம் வந்தது. வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போன நோய், எதற்கோ இந்த 'இல்ல'வை மட்டும் விட்டுவைத்தது. காப்பி வேண்டுமென்றாலும் இல்ல, வேண்டாமென்றாலும் இல்ல. இழுத்துச் சொன்னால் ஆமாம் என்று பொருள். வெட்டிச் சொன்னால் முடியாது. அன்று வெட்டித்தான் சொன்னார்.

காரணம் அவளுக்குத் தெரியும். புத்தூர் பெரியாஸ்பத்திரியில் ஒன்றுவிட்டு ஒரு நாள் கை கால் பயிற்சி. போன வாரம் பாலக்கரை நிறுத்தத்தில் பஸ் படியில் இடது காலை வைத்து ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அற்புதசாமி நடுரோட்டில் மல்லாந்து விழுந்தார். அடி ஒன்றும் பெரிதில்லை. வேட்டி விலகிக் கிடந்ததை ஸ்கூல் பிள்ளைகள் பார்த்ததுதான் பெரிது. அன்றிலிருந்து படுக்கையை விட்டு எழவில்லை.

படுத்தே கிடப்பவர்கள் எப்படிப் போவார்கள் என்று டோரதி எத்தனையோ வார்டுகளில் பார்த்திருக்கிறாள். முதலில் முதுகு புண்ணாகும். பிறகு நெஞ்சில் சளி கட்டும். பிறகு பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த மனிதரை எழுப்பி வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு கார் வேண்டும் என்று முடிவு செய்தாள். மணப்பாறைப் பக்கம் குஷ்டரோக முகாம்களுக்குப் போன நாட்களில் மிஷன் ஜீப்பை ஓட்டிப் பழகியிருந்தாள், லைசென்ஸும் இருந்தது.

புரோக்கர் ரெங்கராஜ் முதலில் ஓர் அம்பாசடரைக் காட்டினார். டோரதி என்ஜினைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் தன் வலது கையை உடம்போடு கட்டிக்கொண்டு, வலது காலை விறைத்து, பின்பக்கமாக இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"என்ன சிஸ்டர், காரை வாங்குறீங்களா, காருக்கு நாடகம் போட்டுக் காட்டுறீங்களா?"

"சீட்டு உயரம். எங்க வீட்டுக்காரர் கால் தரையில ஊனாது. அடுத்ததைக் காட்டுங்க."

ஃபியட்டின் கதவு குறுகல். இன்னொரு ஃபியட்டில் தலை இடித்தது. நாலாவது வாரம் ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனார். சித்திரை வீதியில் சேதுராமன் என்பவர் வீட்டு வாசலில் ஒரு சின்ன சிவப்பு ஹெரால்டு கார் நின்றது. இரண்டே கதவு. அதனால் ஒவ்வொரு கதவும் கல்யாண வீட்டுக் கதவு போல அகலம். இருக்கை தாழ்வு. டோரதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரும்பினாள். கால்களை உள்ளே வைத்தாள். எங்கும் இடிக்கவில்லை.

"ஒரே கை ஓட்டின வண்டி, சிஸ்டர்" என்றார் ரெங்கராஜ்.

டோரதி சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"ஐயையோ, அவரைச் சொல்லலீங்க! ஒரே ஓனர்ங்கிறதை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். சார் பையன் மட்டும்தான் ஓட்டினது."

"அவனும் பாம்பே போய்ட்டான். வாசல்ல வெறுமனே நின்னுண்டிருக்கு" என்ற சேதுராமன், கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லிடறேம்மா. சோழவரம் கார் ரேஸுக்குப் போறேன்னு என்னென்னமோ மாத்தி வெச்சிருக்கான். சத்தம் ஜாஸ்தி. பெட்ரோலும் அப்படித்தான் குடிக்கும்."

சாவியைத் திருப்பினார். எதிர்வீட்டு மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

டோரதிக்கு வேண்டியது கதவு. சத்தத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுத் தெருவில் வண்டி நுழைந்தபோது பக்கத்து வீட்டுச் சகுந்தலா கோலமாவுக் கையோடு ஓடிவந்தாள். "என்னக்கா இது, காரா ஏரோப்பிளேனா?" டோரதி தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியை ஓர் இடது கை பிடித்திருந்தது. யாரும் தூக்கிவிடாமல் எழுந்திருக்கிறார்.

"இல்…ல" என்றார் உள்ளிருந்து. நன்றாக இழுத்து.

அதன் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். பயிற்சி நாளென்றால் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயிற்சி முடிந்ததும் காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடம் என்று ஒரு சுற்று. அப்போது அந்தப் பாலங்களில் இத்தனை நெரிசல் கிடையாது. சைக்கிள்களும், தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் ஒன்றிரண்டு லாரிகளும்தான். டோல்கேட் தாண்டிச் சமயபுரம் ரோட்டில் டோரதி ஆக்ஸிலேட்டரை மிதிப்பாள். வண்டி ஒரு உறுமு உறுமிக்கொண்டு பாயும். அற்புதசாமி ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பக்தர்கள் மஞ்சள் துணியோடு ஓரமாக ஒதுங்கி நின்று, ஓட்டுவது நரைத்த தலை அம்மாள் என்று கண்டதும் வாயைப் பிளப்பார்கள். டோரதிக்கும் அது பிடித்திருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் வண்டி தின்றது. என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் அதில் ஒன்றுக்கு இரண்டு. "நம்ம வீட்டுல நாலு வாய், பாய். எங்களுக்கு ரெண்டு, இதுக்கு ரெண்டு" என்றாள் மெக்கானிக் கியாசுதீனிடம். அந்த இரண்டும் ஒன்றுபோல மூச்சு விடாவிட்டால் என்ஜின் இருமும். மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டயர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். பென்ஷன் போதாமல் தில்லைநகரில் ஒரு வீட்டுக்கு ஊசி போடப் போய்வந்தாள். அதுவும் போதவில்லை.

"ரெண்டையும் கழட்டிட்டு கம்பெனி கார்புரேட்டர் ஒண்ணை மாட்டிடலாம் சிஸ்டர். சைலன்சரையும் மாத்திடுவோம். பாதிப் பெட்ரோல் மிச்சம். பூனை மாதிரி போகும்."

நியாயமாகத்தான் பட்டது. நோயாளியை ஏற்றி இறக்கத்தானே வண்டி? கதவு அதே கதவு, இருக்கை அதே இருக்கை. அவர் மத்தியானம் தூங்கும்போது வண்டியைப் பாலக்கரை ஷெட்டில் விட்டு வேலையை முடித்துவிட்டாள்.

மறுநாள் அற்புதசாமி வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார். டோரதி சாவியைத் திருப்பினாள். வண்டி பூனை மாதிரியேதான் கிளம்பியது. அவர் டாஷ்போர்டில் இடது கையை வைத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இல்ல."

வெட்டிச் சொன்னார். கதவைத் திறந்து தானே காலை வெளியே போட்டார். படுக்கைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கெஞ்சினாள், அதட்டினாள். பங்குச் சாமியார்கூட வந்து பேசிப் பார்த்தார். ஒரு வாரத்தில் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்தது. டோரதி அந்த இடத்தை விரலால் அழுத்தினாள். சிவப்பு மறையவில்லை. அது எதன் ஆரம்பம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையே ஷெட்டுக்குப் போனாள். கியாசுதீன் இரண்டு கார்புரேட்டரையும் பழைய சாக்கில் கட்டிப் பத்திரமாகவே வைத்திருந்தார்.

"மறுபடி மாட்டவா சிஸ்டர்?"

"நீங்க மாட்ட வேண்டாம். காலையில ஸ்பேனரோட, பழைய சைலன்சரோட வீட்டுக்கு வாங்க."

மூட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் அவர் முதுகுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்ரோல் வாசனைக்கு அவர் தலை திரும்பியது.

"சொல்லாமக் கழட்டினது தப்புதான். ஆனா இதுக்குத் தீனி போட என்னால ஆகலைங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும். வண்டி கத்தணும்னா ஊர் சுத்துறதைக் குறைச்சுக்கணும். இதை மாட்டப் போறதும் மாசாமாசம் பாக்கப் போறதும் நீங்கதான். அதுதான் இனிமே உங்களுக்குப் பயிற்சி. புத்தூருக்கு வாரம் ஒரு தடவை போதும்னு நான் டாக்டர்கிட்டப் பேசிக்கிறேன். சமயபுரம் ரோடு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. சம்மதமா?"

அவர் சாக்கு முடிச்சை இடது கையால் நெருடிக்கொண்டே இருந்தார்.

காலையில் கியாசுதீன் வந்தபோது டோரதி ஹெரால்டின் முன்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். அந்த வண்டியில் பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்னால் கவிழும். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால் உட்கார்ந்தபடியே என்ஜின் முழுவதும் கைக்கு எட்டும். அற்புதசாமி சட்டை போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சைலன்சரோட உங்க வேலை முடிஞ்சுது. இனி நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க பாய்" என்றாள் டோரதி.

இடது கை நட்டைத் தேடித் தேடி முடுக்கியது. கார்புரேட்டருக்கு அடியில் வைத்த கேஸ்கெட் அட்டை நழுவியபோது டோரதி அவருடைய வலது கையைத் தூக்கி, கட்டைவிரலைப் பிரித்து, அதன் மேல் வைத்து அழுத்தினாள். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டாள். அவர் கை விழவில்லை. நட்டு ஏறும்வரை அங்கேயே கனமாக இருந்தது.

என்ஜினைக் கிளப்பினாள். இருமியது. அவர் ஒரு திருகைத் திருப்பிக் காதைச் சாய்த்தார். "இல்ல." இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இல்ல." வெயில் ஏறிவிட்டது. சகுந்தலா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திடீரென்று இருமல் நின்று சத்தம் ஒரே சீராகத் தெருவை அடைத்தது.

"இல்…ல" என்றார் அற்புதசாமி.

கியாசுதீன் சிரித்துவிட்டார். "ஒரே கை ஓட்டின வண்டின்னுதானே வாங்கினீங்க சிஸ்டர்? இப்ப ஒரே கை ரிப்பேர் பாத்த வண்டி!"

"ஒண்ணரைக் கை, பாய்" என்றாள் டோரதி.

என்ஜினை அணைத்துவிட்டு மண்ணெண்ணெயும் சோப்பும் எடுத்துவந்தாள். இடது கையைக் கழுவினாள். வலது கையைப் பிரித்தாள். அந்த நகங்களுக்குள்ளும் கிரீஸ் கறுப்பு ஏறியிருந்தது. பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.