ரிசப்ஷன் ஆர்க்கிட்டுல துன்னூறு

ஆர்க்கிட் வாடகைக்கு விடறவளுக்குப் பூ வாசனையே தெரியாது. கை எப்பவும் ஸ்பிரிட் நாத்தம்தான். பொன்னேரியிலேருந்து ஸ்கூட்டியில கெளம்பி, கும்மிடிப்பூண்டி கம்பெனிங்க ரிசப்ஷன்ல இருக்கிற செடிங்கள வாரம் ஒரு தபா துடைச்சிட்டு வர்றதுதான் என் பொழப்பு. வீட்ல ஒரு தொட்டி வாங்கி வச்சிட்டு, இலையத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு கண்ணு பூத்துப் போனவங்களே, இது உங்களுக்குத்தான்.

துன்னூறு

பம்பு செய்யற கம்பெனி ஒண்ணு. ரிசப்ஷன்ல ஆறு தொட்டி. காய்ச்சல்ல பத்து நாள் படுத்துட்டுப் போய்ப் பாத்தா, இலை இடுக்கு, தண்டு எல்லாம் வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி. அங்க தினம் கூட்டித் துடைக்கிற வேலை ஸ்டெல்லா அக்காவோடது. கண்ணாடிக் கதவுல ஒரு கைரேகைய விட்டு வைக்காத பொம்பள. இது மட்டும் எப்படிக் கண்ணுல படாம போச்சுன்னு எனக்குக் கோவமான கோவம்.

விஷயம் இன்னான்னா, வெள்ளிக்கிழமையானா கேட் செக்யூரிட்டி பூஜை போட்டுட்டு, கம்ப்யூட்டர்லேருந்து செடி வரைக்கும் விபூதி வச்சிட்டுப் போவாரு. அக்கா சர்ச்சுக்குப் போறவங்க. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டுட்டு சொன்னாங்க: "பாத்தேம்மா. அவங்க சாமி துன்னூறுன்னு நெனச்சேன். அதப் போயி நான் தொடைக்கலாமா?"

பர்மிட்

மேனேஜர் இந்தத் துன்னூறுக் கதைய ஏத்துக்கல. அடுத்த மாசம் வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, அவங்க வர்ற அன்னிக்கு ஒரு பூச்சி இருந்தாலும் அக்காவ பேக்கிங்குக்கு மாத்திடுவேன்னுட்டாரு. பேக்கிங்னா எட்டு மணி நேரமும் நின்னுகினே இருக்கணும். அக்காவுக்கு முட்டி தேஞ்சு போச்சு. ரிசப்ஷன்ல இருக்கிறதாலதான் நடுவுல கொஞ்சம் ஒக்கார முடியுது. காய்ச்சல்ல படுத்தது நானு, தண்டனை அவங்களுக்கா?

பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்தேன். சேஃப்டி ஆபீசர் ஓடியாந்துட்டாரு. ஸ்பிரிட் தீப்பிடிக்குமாம், பர்மிட் இல்லாம மூடியத் தொறக்கக் கூடாதாம். ஃபாரம் எழுதி, நாலு பேரு கிட்ட கையெழுத்து வாங்கி, பக்கத்துல தீயணைக்கிற சிலிண்டர் வச்சு, தலையில ஹெல்மெட் மாட்டிகினு, காது குடையற பஞ்சுக் குச்சியால ஒரே ஒரு பூச்சியத் தொட்டேன். அவரு குனிஞ்சு பாத்துட்டு ரொம்ப அக்கறையா கேட்டாரு: "செத்தத எந்த டப்பாவுல போடுவீங்க மேடம், சிவப்புலயா பச்சையிலயா?"

எறும்பு

மூணு வாரம் துடைச்சேன். அஞ்சு தொட்டி சுத்தம். மேனேஜர் ரூம் வாசல்ல இருக்கிற ஆறாவது தொட்டி மட்டும் அடங்கல. துடைச்ச எடத்துலயே மறுபடி வெள்ளையா வந்து நிக்குது. வெளிநாட்டுக்காரங்க வர நாலே நாள். கடுப்புல செடிய வெளிய எடுத்துத் தொட்டியக் கவுத்தேன். மரப்பட்டைத் துண்டுங்களுக்கு நடுவுல எறும்புக் கூட்டம். டீ வாசனை. இனிப்பு இருந்தா எறும்பு வரும்; வந்த எறும்பு மாவுப்பூச்சியப் பெத்த புள்ள மாதிரி காவல் காக்கும்.

யாரு டீ ஊத்தறாங்கன்னு அக்காவக் கேட்டேன். ரொம்ப நேரம் பிடுங்கின அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. மேனேஜருக்குச் சக்கரை வியாதி. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. குப்பைக் கூடையில மாத்திரை அட்டையப் பாத்து அக்காவுக்கு மட்டும் தெரியும். பேன்ட்ரியிலேருந்து தினம் இனிப்பு டீ வருது. வேணாம்னா ஏன்னு கேப்பாங்களேன்னு, மனுஷன் தொட்டியில ஊத்திட்டுக் காலி கப்ப அனுப்பறாரு. அவராலதானே உங்க எடம் போவுது, மொதல்லயே சொல்றதுக்கு இன்னான்னு கத்திட்டேன். அக்கா சொன்னது இது: "உங்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதும்மா. அவரு மறைக்கிறத நான் வெளிய விடலாமா?"

ரிப்போர்ட்

பூச்சி ஏன் வந்துச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லியிருந்தாரு மேனேஜர். டீன்னு எழுதினா அக்கா வாயத் தொறந்தது தெரிஞ்சிடும். எழுதலன்னா அக்கா பேக்கிங்ல நிப்பாங்க. பேஜாரா போச்சு. மூணு பேப்பர் கிழிச்சேன். கடைசியா எழுதினது இவ்ளோதான்: ஆறாவது தொட்டிக்கு இனிப்பு ஆகாது, துடைச்சதுல ஒரு குறையும் இல்ல.

அவரு ஒரு தபா படிச்சாரு. இன்னொரு தபா படிச்சாரு. நான் அவரு மூஞ்சியப் பாக்காம செடியப் பாத்துகினு நின்னேன். பேப்பர மடிச்சு டிராயர்ல போட்டுட்டு அக்காவக் கூப்பிட்டாரு. போச்சுடான்னு நெனச்சேன். அவரு நிமிராமலே சொன்னாரு: "ஸ்டெல்லாம்மா, நீங்க இங்கயே இருங்க. பேன்ட்ரியில மட்டும் இனிமே எனக்குச் சக்கரை வேணாம்னு சொல்லிடுங்க. ஏன்னு கேட்டா, செடிக்கு ஆகலயாம்னு சொல்லுங்க."

ஆறு கால் பூச்சிக்குப் பஞ்சும் ஸ்பிரிட்டும் போதும் ஜனங்களே, ரெண்டு கால் ஜீவனுக்கு ஒரு வரி ரிப்போர்ட் எழுதறதுக்குள்ளதான் எனக்கு நாக்கு தள்ளிடுச்சு.