குசினியில் எடுத்த படம்

என் மகள் சிட்னியில் சினிமா படிக்கிறாள். அவளுக்கு ஒரு கடவுள் உண்டு: கனடாவின் பிரெஞ்சுப் பக்கத்தில் பிறந்த ஒரு டைரக்டர். கடைசி வருட ஆய்வையும் அவரைப் பற்றித்தான் எழுதினாள். எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டில் எந்நேரமும் அவர் படங்கள் ஓடின. முதலில் சொந்த மொழியில் எடுத்த சின்னப் படங்கள், பிறகு விருதுகள், பிறகு அமெரிக்கா, பெரிய நட்சத்திரங்கள். எதை எடுத்தாலும் முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. ஆனால் ஏதோ நடக்கப்போகிறது என்று எழும்பவும் விடாது.

"இந்த மனுசனுக்குச் சிரிக்கவே தெரியாதோ?" என்றேன்.

"அம்மா, அவர் தன்ர வீட்டு ஆக்களைப் படம் பிடிச்சுத்தான் தொடங்கினவர். நீங்களும் கதையுங்கோ."

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு என்னை இருத்தினாள். கமெராவுக்குப் பின்னால் நின்று வாயே திறக்கவில்லை. அவரும் அப்படித்தானாம், ஆள் தானாகச் சொல்லும்வரை காத்திருப்பாராம். சும்மா இருக்க எனக்கு எங்கே முடியும்? இலங்கையில் சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமில் அப்பா செத்ததைச் சொன்னேன். என் தம்பி போகிற பார்ட்டியிலெல்லாம் அப்பாவின் உடலைத் தானே சுமந்ததாக அளப்பான். கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருந்தது.

"அவன் எங்க நிண்டவன்? அதுக்கு முதல் வருசமே இந்தியாவுக்குப் போயிட்டான். தூக்கினது நான்!"

மெல்பேர்னில் மாணவர் விழா ஒன்றில் படத்துக்குப் பரிசு கிடைத்தது. இணையத்திலும் போட்டார்கள். அந்த டைரக்டருக்கும் முதல் பரிசு இந்த வயதில்தானாம் என்று மகள் துள்ளினாள். நான் லிங்கைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். தம்பிக்கும் அனுப்பினேன், வேண்டுமென்றே.

பதில் இல்லை. ஒரு கிழமை, ஏழு நாளும் கோபம் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை எனக்குப் பயம் பிடித்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். அகதிக் கேஸில் என்ன எழுதினாய் என்று கூடப்பிறந்தவர்கூடக் கேட்பதில்லை. படகில் வந்த தம்பிக்கு எத்தனையோ வருடமாக விசா இழுபடுகிறது. நானும் கேட்டதில்லை.

மூன்றாம் கிழமை போன் எடுத்தான்.

"அக்கா, நான் பெருமைக்குச் சொல்லித் திரிஞ்சனான் எண்டே நினைச்சனீங்கள்? என்ர கேஸே அதுதான். நான் முகாமில நிண்டனான் எண்டுதான் குடுத்தது. விசாரிச்சால் கதை பிசகாமல் இருக்கத்தான் எல்லா இடமும் சொன்னனான்."

பாவி, என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்!

"திங்கட்கிழமை விசாரணை. அந்தப் படம் குடிவரவு ஆக்களின்ர கையில இருக்காம். படத்தில சொன்னது பொய் எண்டு வந்து சொல்லுவீங்களோ, அக்கா?"

அப்பாவின் பாரம் இன்றைக்கும் என் தோளில் தெரியும்.

"ஓம்," என்றேன். "அப்பாவைத் தூக்கினது நீதான்."