ஒரே லாஸ்ட் என்று யார் சொல்வது?

பாகாயத்து எப்சிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவள் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்ததில்லை. நர்ஸ் ஜெபராணியின் ஒரே மகள். வேலூரில் எம்.சி.ஏ. முடித்ததும் கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கு ரயில் ஏற, இவள் ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். அம்மாவைத் தனியே விட மனசில்லை, அவ்வளவுதான். இதில் தியாகம் கீகம் என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

அவள் சேர்ந்தபோது ஷூ ஆர்டர்களைக் கவனிக்க, வாங்குகிற ஜெர்மன்காரனுக்கு ஒரு புரோகிராம், அதையே காப்பியடித்து இத்தாலிக்காரனுக்கு இன்னொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் தப்பைத் திருத்தினால் மற்றதில் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். 2003-இல் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஓகேமல் என்ற ஃபங்ஷனல் வகைக் கம்ப்யூட்டர் மொழியில் புதிதாக எழுதினாள்.

ஷூவுக்கு முதலில் வேண்டியது லாஸ்ட், அதாவது பாதத்தின் வடிவில் இருக்கும் அச்சு. மேல்தோலான அப்பரும் அடியில் வரும் சோலும் அந்த அச்சுக்குத்தான் அமைய வேண்டும். எப்சி புரோகிராமையும் அப்படியே பிரித்தாள். லாஸ்ட் ஒரு மாட்யூல், அதாவது தனிப் பகுதி. எந்த லாஸ்டைக் கொடுத்தாலும் அதற்கேற்ற அப்பர் மாட்யூலைச் செய்து தருவது ஒரு ஃபங்டர், சோலுக்கு இன்னொரு ஃபங்டர். மூன்றாவது ஃபங்டர் அந்த இரண்டையும் வாங்கி ஒட்டும். அதன் வாசலில் ஒரு நிபந்தனை வைத்தாள்: அப்பரும் சோலும் ஒரே லாஸ்டில் பிறந்திருக்க வேண்டும். சைஸ் நம்பர் ஒன்றாக இருந்தால் போதாது. லாஸ்ட் வேறானால், புரோகிராமைச் சரிபார்த்து ஓட்டத்துக்குத் தயார் செய்யும் கம்பைலர் கதவையே திறக்காது.

கம்பெனியின் வழக்கமோ வேறு. லாஸ்ட் பற்றாவிட்டால் சோல் செக்‌ஷன்காரர்கள் அடுத்த ஆர்டரின் லாஸ்டை எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் தேய்த்துச் சரிக்கட்டிவிடுவார்கள். யார் சொல்லி எடுத்தது என்று கேட்டால் மட்டும் ஆள் கிடைக்காது.

ஒரு சனிக்கிழமை இத்தாலி ஆர்டருக்கு அப்பரை இத்தாலி லாஸ்டிலும், சோலை ஜெர்மன் லாஸ்டிலும் போட்டிருந்தார்கள். அதைப் புரோகிராமில் பதிந்ததும் கம்பைலர் முடியாது என்றது; அது சரி சொல்லாமல் ஆர்டர் நகராது. மேனேஜர் ஜியாவுல்லா எப்சியின் மேஜைக்கே வந்துவிட்டார்.

"ரெண்டும் முப்பத்தெட்டு சைஸ்தானேம்மா? அந்த கண்டிஷனை எடுத்துடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப திங்கக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து வேற ஆள் வருவான். நீ வூட்ல இரு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எப்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கீபோர்டைத் தொடவில்லை.

சோல் செக்‌ஷன் சூப்பர்வைசர் முனிரத்தினம் சும்மா இருப்பாரா? ஒரு ஜோடியை ஒட்டியே எடுத்து வந்தார். அது கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது!

"லாஸ்ட் செய்யறவன் ஒரே அச்சை ரெண்டு பேருக்கும் வித்துட்டான் போலிருக்கு. இன்னா எப்சி, உன் மிஷினு பொய் சொல்லுது?"

ஆபீஸே சிரித்தது. எப்சிக்கு அவமானத்தில் காது சுட்டது.

"பொய் சொல்லலண்ணே. ரெண்டும் ஒண்ணான்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லணும். இந்த லாஸ்டும் அந்த லாஸ்டும் ஒண்ணுதான்னு ஒரு வரி எழுதினா ஏத்துக்கும். கண்டிஷனை எடுக்கவே தேவையில்ல."

"அப்ப எழுதித் தொலை" என்றார் ஜியாவுல்லா.

"ஒண்ணுன்னு நான் சொல்லல சார். நீங்க சொல்றீங்க. நீங்களே எழுதுங்க. பக்கத்துல உங்க பேரையும் போடுங்க." எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "நாளைக்கு சரக்கு திரும்பி வந்தா யாரைக் கேக்கறதுன்னு தெரியணும்ல?"

ஜியாவுல்லா விறைப்பாக உட்கார்ந்தார். எந்த இடத்தில் என்ன அடிக்க வேண்டும் என்று எப்சி காட்டினாள். அவர் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது.

"முனிரத்தினம், எல்லா சைஸும் பாத்தியா?"

"முப்பத்தெட்டு மட்டுந்தான் சார் பாத்தேன்."

"மத்ததும் ஒரே அச்சுதானே?"

"அதை நான் எப்டி சார் சொல்றது?"

ஜியாவுல்லா எழுந்துவிட்டார். "இத்தாலி லாஸ்ட்லயே புதுசா சோல் போடு" என்று முனிரத்தினத்திடம் கத்திவிட்டு, எப்சியைப் பார்க்காமலேயே வெளியே போனார்.

திங்கட்கிழமை வீட்டில் இரு என்று சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. எப்சியும் கேட்கவில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்ல யாரும் வரவில்லை.